பேட்டரி ஆசிட் கண்ணில் தெறித்தால்

காரைக் கொஞ்சிக் கொஞ்சிப் பார்ப்பவர்கள்கூட பேட்டரியை மட்டும் அலட்சியமாகத் தொடுவார்கள். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும். ஸ்பேனர் பாசிட்டிவ் முனையையும், நெகட்டிவோடு இணைந்திருக்கும் கார் பாடியையும் சேர்த்துத் தொட்டுப் பொறி பறந்தால் பெட்டியே வெடித்து, கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கலாம். அதனால்தான் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள்; ஷார்ட் ஆனால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைப் பொசுக்கிவிடும்.

கண்ணில் பட்டுவிட்டதா? தேய்க்காதீர்கள். இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். அடிபட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்க்கவும், இல்லையென்றால் வழியும் நீர் நல்ல கண்ணுக்குள் போகும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுத்துவிடவும். அமிலத்தை முறிக்கிறேன் என்று சோடா மாவைக் கண்ணில் போடுவது படு முட்டாள்தனம்; அது தரையில் சிந்தியதற்குத்தான். எரிச்சல் அடங்கினாலும் கழுவி முடித்த கையோடு கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.