மட்டக்களப்பு வாட்டிலிருந்து அமெரிக்க பிஏ படிப்புக்கு: ஊரை விட்டு வெளிக்கிட முன் சேர்க்கவேண்டியவை

பிசிஷியன் அசிஸ்டன்ட் (பிஏ), அதாவது வைத்தியரோடு சேர்ந்து நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுகிற தொழிலுக்கான அமெரிக்கப் படிப்புக்கு எப்படி விண்ணப்பிக்கிறது என்று கேட்கிற தங்கச்சி தம்பிமாரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கிரீன் கார்ட் இருக்கிறதா, அல்லது அது வருவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? முகத்தில் அடித்தது போல இருக்கும், தெரியும். ஆனால் இதைக் கேட்காமல் மிச்சத்தைச் சொன்னால், இல்லாத காசைச் செலவழிக்க வைத்த பாவம் எனக்கு வரும்.

அமெரிக்காவில் முந்நூறுக்கு மேற்பட்ட பிஏ திட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களைத்தான் எடுக்கும். வெளிநாட்டு மாணவரை எடுக்கிற திட்டங்களும் உயிரியல், இரசாயனப் பாடங்களை அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் படித்திருக்கச் சொல்வது வழமை. மட்டக்களப்பில் இருந்துகொண்டே விண்ணப்பித்து, இடம் கிடைத்து, மாணவர் விசாவில் ஏறிப்போவது மிகவும் ஒடுங்கின வழி. கட்டணம் ஒரு இலட்சம் டாலரை அண்டியும் தாண்டியும் போகிறது. கொழும்பில் உள்ள அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கிடைக்கும். முகவர் எவருக்கும் ஒரு ரூபா கட்டமுன் அங்கே ஒருமுறை கேளுங்கள்.

நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் முடித்து, மட்டக்களப்பில் வாட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது கணவருக்கு டிவி லொத்தர், அதாவது அமெரிக்க கிரீன் கார்ட் குலுக்கல், விழுந்தது. அந்த வழியால் அமெரிக்காவுக்கு வந்தவள். ஆகவே இனிச் சொல்வது, அப்படியோ குடும்ப விண்ணப்பம் மூலமோ போகக் காத்திருக்கிற தாதியருக்கும் சுகாதாரத் துறை ஆட்களுக்கும் கூடப் பொருந்தும்.

மற்ற நாடுகளையும் கேட்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் மனிட்டோபா பல்கலைக்கழகம் 2008 முதலும், டல்ஹவுசி 2024 முதலும் முதுமாணி மட்டத்தில் நடத்துகின்றன. ரொறன்ரோவில் மாமா சித்தப்பா இருப்பது போதாது, உங்களுக்கே அங்கே வதிவிட உரிமை வேண்டும். இங்கிலாந்தில் 2024 டிசம்பரில் இந்தத் தொழில் பொது மருத்துவ மன்றத்தின் ஒழுங்குபடுத்தலுக்குள் வந்தது. அரசாங்கம் கேட்டு நடத்தி 2025 ஜூலையில் வெளியான லெங் மீளாய்வு, இவர்கள் செய்யக்கூடிய வேலையின் எல்லையைச் சுருக்கச் சொன்னது. வேலைவாய்ப்பும் அங்கே ஆட்டம் கண்டிருக்கிறது, இப்போதைக்கு நான் ஒருவரையும் அங்கே போகச் சொல்லமாட்டேன். சென்னையில் இந்தப் பெயரில் பட்டப்படிப்புகள் இருப்பது உண்மை. ஆனால் அமெரிக்கச் சான்றுப் பரீட்சையான பான்ஸ் எழுதுவதற்கு, பிஏ திட்டங்களை அங்கீகரிக்கிற அமைப்பான ஏஆர்சி-பிஏ அங்கீகரித்த அமெரிக்கத் திட்டம் ஒன்றில்தான் படித்து முடித்திருக்கவேண்டும். சென்னைப் பட்டத்தோடு அந்தப் பரீட்சைக்கு இருக்க முடியாது. இலங்கை வைத்தியசாலைகளிலும் அப்படியொரு பதவி இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு விளங்கப்படுத்துவது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. அம்மம்மா ‘அந்தக் காலத்து அப்போதிக்கரி ஐயா மாதிரியோ?’ என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன். நோயாளியைப் பரிசோதிப்பது, நோயை நிர்ணயிப்பது, மருந்து எழுதுவது, சத்திரசிகிச்சையில் உதவுவது எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வைத்தியரோடு சேர்ந்த வேலை.

இந்தத் தொழில் தொடங்கிய விதத்தைத் தெரிந்துகொண்டால் விண்ணப்பத்தில் எதற்கு மதிப்பு என்பது தானாக விளங்கும். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டொக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்புக்கு எடுத்த நான்கு பேரும் கடற்படையில் மருத்துவ உதவியாளராக வேலை செய்தவர்கள். நோயாளியைத் தொட்டுப் பழகின கைக்கு மருத்துவம் படிப்பிப்பது சுகம் என்பதுதான் அடிப்படை எண்ணம். இன்றைக்கும் பல திட்டங்கள் நோயாளிப் பராமரிப்பு அனுபவத்தை மணித்தியாலக் கணக்கில் கேட்கின்றன. சில ஐந்நூறு கேட்கும், சில ஆயிரம், சில இரண்டாயிரம். இங்கே பட்டம் முடித்த பிள்ளைகள் அந்த மணித்தியாலத்தைச் சேர்க்க ஓராண்டு இரண்டாண்டு ஒதுக்குகிறார்கள். எங்களிடம் அது கொட்டிக் கிடக்கிறது. வாரத்துக்கு 36 மணித்தியாலம் என்றே வைத்தாலும், லீவு கழித்து ஐம்பது வாரத்துக்கு 1,800 வரும், ஓவர்டைம் தனி. ஆனால் எழுத்தில் நிரூபிக்க முடியாத மணித்தியாலத்துக்கு இங்கே பெறுமதி இல்லை. மட்டக்களப்பில் இருக்கும்போதே செய்யவேண்டிய பெரிய வேலை இதுதான்.

எங்கள் வைத்தியசாலைகளில் வழமையாகத் தருகிற சேவைக் கடிதத்தில் நியமனத் திகதியும் விலகின திகதியும் பதவியும் இருக்கும். மணித்தியாலம் இராது. ஆகவே கேட்கும்போதே, எந்த வாட்டில் எந்தத் திகதியிலிருந்து எதுவரை, வாரத்துக்குச் சராசரி எத்தனை மணித்தியாலம், ஓவர்டைம் சேர்த்தா சேர்க்காமலா என்பது வரும்படி ஒரு மாதிரிக் கடிதத்தை நீங்களே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். உங்கள் ஓவர்டைம் தாள்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு முதல் ஒன்று, ஒன்று முதல் ஏழு, இரவு பன்னிரண்டு மணித்தியாலம் என்ற எங்கள் முறை இங்குள்ளவர்களுக்கு விளங்காது. அதையும் ஒரு வரியில் கடிதத்திலேயே எழுதுவிப்பது நல்லது. ஒப்பம் வைக்கிறவரின் பெயர், பதவி, மின்னஞ்சல் மூன்றும் தெளிவாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் விண்ணப்பிக்கிற காஸ்பா என்ற பொதுத் தளம் ஒவ்வோர் அனுபவத்துக்கும் மேற்பார்வையாளரின் விபரம் கேட்கும். மாணவியாக வாட்டுக்குப் போன காலத்தைப் பல திட்டங்கள் சேர்ப்பதில்லை. சம்பளத்துக்குச் செய்த வேலையோடு அதைக் கலக்காதீர்கள்.

ஒவ்வோர் அனுபவத்தையும் விபரிக்க காஸ்பாவில் 600 எழுத்துத்தான் இடம். நான் பார்த்துக்கொடுத்த எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களில், ‘நோயாளிகளைப் பராமரித்தேன், வைத்தியரின் அறிவுறுத்தலைப் பின்பற்றினேன்’ என்று எழுதி அந்த இடத்தை வீணாக்கியிருப்பார்கள். படுவான்கரையில் வயலுக்குள் பாம்பு கடித்து ஒருவர் வருகிறார். கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்த்தது யார்? விஷமுறிப்பு ஏறும்போது பக்கத்தில் நின்று ஒவ்வாமை வருகிறதா என்று கவனித்து, வந்தவுடன் எச்ஓவை (பயிற்சி வைத்தியரை) கூப்பிட்டது யார்? வாடைக்காற்று மழைக்குப் பிறகு டெங்கு வாட்டு நிரம்பி வழியும்போது மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாடி, இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, ஹீமற்றோகிறிட் எல்லாம் குறித்து, நாடியழுத்தம் ஒடுங்குவதை, அதாவது ஆபத்து நெருங்குவதை, முதலில் கண்டது யார்? அதை எழுதுங்கள். இங்கே ஒரு மருத்துவ மாணவர் நூலில் மட்டும் பார்த்த விஷயம் உங்களுக்கு அன்றாட வேலை. சமர்ப்பித்த பிறகு அந்தப் பகுதியைத் திருத்த முடியாது, புதிதாகச் சேர்க்கத்தான் முடியும். நோயாளியின் பெயர், ஊர், அடையாளம் ஒன்றும் வரக்கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது பெறுபேறுகள். வெளிநாட்டுப் பட்டத்தைப் பாடம் பாடமாக மதிப்பிட்ட அறிக்கை தேவை. டபிள்யூஈஎஸ் போன்ற நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. பெறுபேற்றுப் பத்திரம் பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாக அவர்களுக்குப் போகவேண்டும். நீங்கள் கையில் கொண்டுபோவது செல்லாது. போகும்போது பாடவிதானத்தின் பிரதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாதியியல் பட்டம் நான்கு வருடம் என்பதால் பிரச்சினை குறைவு. மூன்று வருடப் பொதுப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது முழு இளமாணிக்குச் சமமாக எடுக்கப்படாமல் போகலாம், முன்கூட்டியே விசாரியுங்கள்.

இன்னொன்று, காஸ்பா கணிக்கிற புள்ளிச் சராசரியில் வெளிநாட்டுப் பாடங்கள் சேர்வதில்லை. அதாவது ஊரில் முதல் வகுப்பு எடுத்திருந்தாலும், இங்கே கம்யூனிட்டி கொலேஜில் எடுக்கிற உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், இரசாயனம், புள்ளிவிபரவியல் என்ற ஒருசில பாடங்கள்தான் உங்கள் சராசரி. ஒரு பாடம் சறுக்கினால் தூக்கிவிட வேறு பாடம் இல்லை. ‘இதெல்லாம் படிச்சதுதானே’ என்று வேலையோடு சேர்த்து மூன்று பாடம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கும். ஒவ்வொன்றாக எடுங்கள், ஏ எடுங்கள். சில திட்டங்கள் ஐந்து, ஏழு, பத்து வருடத்துக்கு முந்திய பாடத்தை ஏற்காது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடைக்காலத்தில் என்ன வேலை செய்வது? தாதியாகவே பதிவு எடுக்க, சான்றிதழ் மதிப்பீடும் என்கிளெக்ஸ் பரீட்சையும் இருக்கிறது, காலம் எடுக்கும். நான் சான்றுபெற்ற தாதி உதவியாளராகச் சேர்ந்தேன். பயிற்சிக்கு மத்திய அரசு வைத்திருக்கிற ஆகக் குறைந்த அளவு 75 மணித்தியாலம், சில மாநிலங்களில் கூட. ஊரில் மிஸ்ஸி என்று கூப்பிட்ட ஆளுக்குக் குளிப்பாட்டவும் பாம்பர்ஸ் மாற்றவும் போவது முதல் மாதம் கொஞ்சம் குத்தும்தான். ஆனால் வாட்டில் நோயாளியின் பெட் ஹெட் டிக்கெட் (சிகிச்சைக் குறிப்பு) எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினாலும், வேதனையில் இருக்கிற ஒரு மனிதருக்கு ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்லி நாங்கள் பழகவில்லை. அந்த ஆங்கிலம் எனக்கு அங்கேதான் வந்தது. ஒரு பிஏவின் பின்னால் நின்று வேலையைப் பார்க்கிற வாய்ப்பும் அங்கே கேட்டுத்தான் கிடைத்தது. பல திட்டங்கள் அதையும் எதிர்பார்க்கின்றன.

சிபாரிசுக் கடிதம் என்றால் எங்கள் பக்கத்தில் நடப்பது தெரிந்ததுதானே. ‘நீங்களே எழுதிக்கொண்டு வாங்க மிஸ்ஸி, நான் சைன் வைக்கிறன்’ என்பார் கன்சல்டன்ட் சேர். இங்கே அது சரிவராது. காஸ்பாவிலிருந்து இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும், அவரே மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக் கடிதத்தையும் ஏற்றவேண்டும். ஆகவே கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்கள்: நீங்கள் அவரோடு வேலை செய்த காலம், அவர் நேரில் கண்ட இரண்டு மூன்று சம்பவங்கள், பிஏ என்றால் என்ன என்று நாலு வரி. கன்சல்டன்ட்மார் இடமாற்றத்தில் போய்விடுவார்கள், சிலர் நாட்டை விட்டே போய்விடுகிறார்கள். ஆள் உங்கள் வாட்டில் இருக்கும்போதே தனிப்பட்ட மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஐந்து கடிதம் வரை போடலாம். தரமான மூன்று போதும். அதில் ஒன்று அமெரிக்காவில் உங்களைக் கண்ட பிஏவோ வைத்தியரோ எழுதியதாக இருந்தால் நல்லது.

ஏன் பிஏ ஆக விரும்புகிறேன் என்ற கட்டுரைக்கு இடைவெளியும் சேர்த்து 5,000 எழுத்து. சுனாமி, யுத்தம் என்று தொடங்கவேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். உங்களை உண்மையில் இந்த வேலைக்குத் தள்ளியது அதுதான் என்றால் எழுதுங்கள், இல்லாவிட்டால் செத்தவர்களை விண்ணப்பத்துக்கு இழுக்காதீர்கள். அதோடு, எங்கள் பேச்சில் எதற்கெடுத்தாலும் ‘நாங்கள் செய்தோம்’ என்றுதான் வரும். நான் செய்தேன் என்பது பெருமையடிப்பது போலிருக்கும். தெரிவுக்குழுவுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் தெரியவேண்டும். கட்டுரையிலும் நேர்முகத்திலும் கவனமாக ‘நான்’ போடுங்கள்.

நேர்முகத்தில் தாதியாக இருந்தவரிடம் தவறாமல் வருகிற கேள்வி: ஏன் நேர்ஸ் பிரக்டிஷனர் ஆகாமல் இது? அந்த வழி தாதியியலின் தொடர்ச்சி, குறிப்பிட்ட ஒரு நோயாளர் பிரிவுக்கென்று சான்று எடுப்பது. பிஏ படிப்பு மருத்துவ முறையில், பொதுவாகப் பயிற்றுவது. பிறகு சத்திரசிகிச்சையிலிருந்து அவசர சிகிச்சைக்குத் துறை மாறினாலும் புதிய பட்டம் தேவையில்லை. மெடிக்கல் வாட்டிலிருந்து சேர்ஜிக்கல், அங்கிருந்து ஈடியூ (அவசர சிகிச்சைப் பிரிவு) என்று மாற்றம் வரும்போதெல்லாம் எனக்கு அது தண்டனையாகப் படவில்லை, பிடித்திருந்தது. அதைத்தான் பதிலாகச் சொன்னேன். சம்பளம், கால அளவு என்று தொடங்கினால் முகம் மாறிவிடும்.

காஸ்பா ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில் திறக்கும். பல திட்டங்கள் விண்ணப்பம் வர வர நேர்முகத்துக்கு அழைத்து இடத்தை நிரப்பிவிடும் என்பதால், கடைசித் திகதியை நம்பி இருப்பது ஆபத்து. சமர்ப்பித்த பிறகு சரிபார்க்கவும் சில வாரம் போகும். எங்கள் பக்கத்தில் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் கந்தோர்களில் ஒரு வேலையும் நகராது. ஆகவே தைப்பொங்கல் கழிந்த கையோடு பல்கலைக்கழகப் பரீட்சைப் பிரிவுக்கும் வைத்தியசாலை நிர்வாகத்துக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே வெளிநாட்டில் என்றால், தம்பிக்கோ மச்சாளுக்கோ அதிகாரக் கடிதம் ஒன்று எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்டுக் கடிதம் வந்த கதையை நான் கேள்விப்பட்டதில்லை, கவுண்டரில் ஓர் ஆள் போய் நிற்கவேண்டும்.