வால்பாறை பயணமும் எரிந்துகொண்டே இருந்த பியூஸும்

சொந்தக் காரில் குறைந்த செலவில் வால்பாறை போய் வருவது எப்படி என்று வழி, தங்குமிடம், சாப்பாடு, செலவு என வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரிசையாவது ஒன்றாவது, மண்டைக்குள் இன்னும் அந்தப் பியூஸ்தான் ஓடுகிறது. அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

வண்டி 2003 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். 2014-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்ட வண்டி என்பதால், "இதை வச்சுக்கிட்டா மலை ஏறப் போறீங்க?" என்று கேட்காத ஆளில்லை. இன்ஜின் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. ஆழியாறு தாண்டியதும் வரும் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் முக்கி முனகாமல் ஏறிவிடும். படுத்தி எடுத்தது ஒயரிங்.

கோவையிலிருந்து இருட்டோடு கிளம்பினோம். நான், மனைவி, பின் சீட்டில் மச்சான். கிணத்துக்கடவில் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் மீட்டரில் வெளிச்சமே இல்லை. இறங்கிப் பார்த்தால் டெயில் லேம்ப், நம்பர் பிளேட் லைட், முன்னால் பார்க்கிங் லைட் எல்லாம் மொத்தமாக அவுட். ஹெட்லைட் மட்டும் எரிகிறது. இவை எல்லாம் ஒரே பியூஸில் ஓடுபவை, ஆகவே சந்தேகத்துக்கே இடமில்லை. கையிலிருந்த நீல நிற 15 ஆம்பியர் பியூஸைப் போட்டதும் எல்லாம் எரிந்தது. சரி, பழைய பியூஸ், ஆயுசு முடிந்துவிட்டது என்று விட்டிருக்கலாம். பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட நிறுத்திக் கிளம்பினால் மறுபடியும் போச்சு.

அங்கே ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. கடைக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மொத்த ஒயரிங்கும் போச்சுங்க. புது செட்டு மாத்தோணும். ஒம்பதாயிரம் ஆகும், ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். ரூமுக்கு ஏற்கெனவே 1,800 ரூபாய் முன்பணம் கட்டியாயிற்று, மொத்தப் பயணத்துக்கும் நாங்கள் ஒதுக்கியதே 6,000. முடியாதுங்க என்றதும், "அப்போ இப்போதைக்கு ஓட்டிக்கோங்க" என்று பச்சை நிற 30 ஆம்பியர் பியூஸ் ஒன்றைச் செருகிவிட்டு 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் முதல் வேலையாக அதைப் பிடுங்கி எறிந்தேன். பியூஸ் எரிவது நோயில்லை, அது காவல்காரன். ஒயரில் எங்கோ தோல் போய்ச் செம்பு வண்டியின் இரும்பு பாடியைத் தொடுகிறது, கரண்ட் பல்புக்குப் போகாமல் குறுக்கு வழியில் எர்த்துக்குப் பாய்கிறது, அதற்குள் பியூஸ் தன்னை அறுத்துக்கொண்டு ஒயரைக் காப்பாற்றுகிறது. அந்த இடத்தில் 30 ஆம்பியர் போட்டால் பியூஸ் நிற்கும், வண்டித் தரையில் விரித்த மேட்டுக்கு அடியில் ஒயர் உருகும். தெரிந்தே இப்படிச் செய்பவர்களிடம் லைசென்ஸ் மாதிரி ஏதாவது இருந்தால் பிடுங்கிவிட வேண்டும்.

ஒன்பதாவது வளைவில் வரையாடுகள், பாறை மேல் நின்று எங்களை அலட்சியமாகப் பார்த்தன. அழகுதான், ஆனால் எனக்கு ரசிக்க மனசில்லை. கவர்கல் வந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, எங்களுக்கு டெயில் லேம்ப் இல்லை, கையிருப்புப் பியூஸும் தீர்ந்துவிட்டது. மச்சான் செல்போன் டார்ச்சின் மேல் தன் அக்காவின் சிவப்புத் துப்பட்டாவைச் சுற்றிப் பின் கண்ணாடியில் பிடித்துக்கொண்டே வந்தான். ரொட்டிக்கடை என்ற ஊர் வரைக்கும் அதுதான் எங்கள் டெயில் லேம்ப்.

வால்பாறை பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே அறுபது வயசு தாண்டிய ஒரு பெரியவர். விலை எதுவும் சொல்லாமல், "எப்பப்ப போகுது தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பியூஸைக் கழற்றிய இடத்தில், ஹோல்டரோடு சேர்ந்த ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பின் இரண்டு ஒயர்களையும் செருகினார். பிறகு டெயில், பார்க்கிங், நம்பர் பிளேட் பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வைத்தார். மீட்டர் பல்பை மட்டும் தொடவில்லை, அந்தச் சின்ன லோடுக்கு 21 வாட் பல்பு கண் விழிக்காதாம். இனி லைட் சுவிட்சைப் போட்டு டெஸ்ட் பல்பு பளிச்சென்று எரிந்தால், கரண்ட் எங்கோ நேராக பாடிக்குப் போகிறது என்று அர்த்தம். எவ்வளவு நேரம் ஷார்ட் ஆனாலும் அந்தப் பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது, ஒயரும் சுடாது. பியூஸாக எரித்துக்கொண்டிருக்கிறோமே, இதற்கு ஒரு பல்பு போதும்!

சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர்களை உலுக்கினார், பானெட்டைத் திறந்து ஆட்டினார், டிக்கிக்குள் தலையை விட்டார். ம்ஹூம். ஒயரிங் மாற்றச் செலவழிக்கும் ஒன்பதாயிரம் என் கண் முன்னால் வந்து போனது. அந்த நேரம் பார்த்து மச்சான் சார்ஜர் எடுக்கப் பின் சீட்டில் ஏறினான். பல்பு சும்மா சூரியன் மாதிரி எரிந்தது. இறங்கினான், அணைந்தது.

"தம்பி, நீ மறுபடி ஏறு" என்றார் பெரியவர். எரிந்தது. "இறங்கு." அணைந்தது. "மாமா, எடை நூறுக்கு மேல இருக்கறது இன்னிக்குத்தான் உதவியிருக்கு" என்றான் மச்சான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

பின் இடது கதவின் வாசல்படியில் மேட்டை இறுக்கும் அலுமினியப் பட்டையைக் கழற்றினார். ஒன்றரை அங்குல ஸ்குரூ ஒன்று, மேட்டைத் துளைத்து, அடியில் பின்பக்கம் ஓடும் ஒயர் கட்டுக்குள் இறங்கியிருந்தது. முனை கறுத்து, பக்கத்தில் ஒயரின் தோல் உருகி, பச்சை பூத்த செம்பு நூல் தெரிந்தது. யாராவது அந்தப் படியை மிதித்தால் பட்டை அமுங்கி ஸ்குரூ செம்பைத் தொடுகிறது. ஒவ்வொரு தடவையும் டீக்கோ டிபனுக்கோ நிறுத்திய பிறகே பியூஸ் போனதன் ரகசியம் இதுதான், லைட்டை அணைக்காமல் நிறுத்துவோம், மச்சான் அந்தக் கதவில்தான் ஏறி இறங்குவான். கெட்ட பகுதியை வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, ஒயர் கட்டை உள்பக்கமாகத் தள்ளிக் கட்டினார். முக்கால் மணி நேரம், 350 ரூபாய், அதில் இரண்டு பியூஸும் சேர்த்தி. 500 கொடுத்தேன், மீதியை எண்ணிக் கையில் வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் பயணம் பயணமாக இருந்தது. புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே கட்டிய கயிற்றுப் பாலத்தில் சிங்கவால் குரங்குகள் குடும்பமாகப் போயின. சோலையாறு அணை போனோம், நல்லமுடி காட்சிமுனையில் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ரூம் சுமார், வெந்நீர் வராது, 1,800 அநியாயம். திரும்பும்போது ஆழியாறில் மீன் வறுவல், அதற்காகவே தனியாக ஒரு தடவை போகலாம்: கண் முன்னால் மசாலா தடவி, தோல் மொறுமொறு என்று ஆகும் வரை பொரித்து, வெங்காயம் எலுமிச்சையோடு வாழை இலையில் தருகிறார்கள். மச்சான் மூன்று தட்டு, பில்லில் இடித்தது அதுதான்.

கோவை வந்ததும் வண்டிக்கு மேட் போட்டுக் கொடுத்த கடைக்கு அந்த ஸ்குரூவை எடுத்துக்கொண்டு போனேன். "இது நாங்க போட்டது இல்லீங்க" என்றார் கடைக்காரர். மற்ற மூன்று கதவுகளையும் திறந்து காட்டினேன், எல்லாவற்றிலும் அதே ஒன்றரை அங்குலம், அதே தலை. பேச்சே இல்லை. அரை அங்குல ஸ்குரூ மாற்றிக் கொடுத்தார், காசு கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.