உப்புப் பார்த்த விரல்

பச்சைக் கோழியில் மசாலாவைப் பிசைந்ததும் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பது என் இருபது வருடப் பழக்கம். எனக்குச் சமையல் கற்றுத்தந்த அம்மாவும் அப்படித்தான் பார்ப்பார். ஏழே மாதத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்து, மூன்றாவது முறை சிறுநீரில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் அந்த விரலைப் பற்றி நினைக்கத் தொடங்கினேன்.

கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடியே ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணி செய்து கொடுக்கிறேன். எட்டு கிலோ கோழி. சில வாரம் பத்து. காலை ஆறு மணிக்குக் கடையிலிருந்து கறி வந்துவிடும். பதினொன்றரைக்குள் பொட்டலம் கட்டி முடித்தாக வேண்டும். அந்த ஐந்தரை மணி நேரமும் தண்ணீர் குடிக்கத் தோன்றாது. சிறுநீர் முட்டினாலும் அடக்கிக்கொள்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நோய்க்கு முழுக் காரணமும் கோழிதான் என்று சொல்ல நான் வரவில்லை.

முதல் முறை சித்திரையில் வந்தது. வெயில் சூடு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிவிட்டார். பார்லித் தண்ணீர், இளநீர், ஊறவைத்த வெந்தயம் எல்லாம் ஆயிற்று. மூன்றாம் நாளும் எரிச்சல் அடங்காததால் மருந்துக் கடையில் கேட்டு நான்கு மாத்திரை வாங்கினேன். இரண்டு போட்டதும் நின்றுவிட்டது. மீதி இரண்டையும் அலமாரியில் பத்திரமாக எடுத்து வைத்தேன். ஆடியில் மீண்டும் வந்தபோது அந்த இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு, கேட்காமல் போகவே ஒரு மருத்துவரிடம் போனேன். பரிசோதனை எதுவும் இல்லை. ஐந்து நாளுக்கு வேறு மாத்திரை. அதுவும் கேட்டதுபோலத்தான் இருந்தது.

தீபாவளி ஆர்டர்கள் முடிந்த மறு வாரம் மூன்றாவது முறை. குளியலறையிலிருந்து எழுந்து கதவருகே வருவதற்குள் மறுபடி முட்டும். போய் உட்கார்ந்தால் நான்கு சொட்டு. அந்த நான்கு சொட்டுக்கு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் நெற்றியை வைத்து நிற்க வேண்டியிருந்தது. விடியற்காலை நான்கு மணிக்குப் பார்த்தபோது சிறுநீர் வெளிர்சிவப்பாக இருந்தது. என் கணவரை எழுப்பினேன்.

இந்த முறை பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, ‘வருவதற்கு முன் மாத்திரை ஏதும் போட்டுவிட்டீர்களா?’ என்பதுதான். போடவில்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தாலும் கிருமி வளராமல் போய்ப் பரிசோதனை வீணாகிவிடலாமாம். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மாதிரி எடுப்பதற்கே ஒரு முறை இருக்கிறது என்று நாற்பத்தொரு வயதில்தான் தெரிந்துகொண்டேன். சுத்தம் செய்துகொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்திலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே வைத்துவிட்டால் இருக்கிற நாலு கிருமியும் பெருகிப் பொய்க்கணக்குக் காட்டும்.

இரண்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. ஈ.கோலை என்ற கிருமி, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். கீழே மருந்துகளின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எழுத்து. எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. பெரும்பாலும் ஆர். சித்திரையில் கடையில் வாங்கிய மாத்திரைக்கு நேரே ஆர். ஆடியில் போட்டதற்கும் ஆர். எஸ் என்று இருந்தவற்றுள் நைட்ரோஃபுரான்டோயினை மருத்துவர் தேர்ந்தெடுத்தார்: 100 மில்லிகிராம், காலை மாலை சாப்பிட்ட பிறகு, ஐந்து நாள், ஒன்றைக்கூட விடக்கூடாது. சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். சொல்லாமல் விட்டிருந்தால் அன்று இரவே ஓடியிருப்பேன். ஸ்கேன், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் எல்லாம் சரியாக இருந்தன.

ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் இருப்பதுதான், அதில் சில வகைகள் சிறுநீர்ப்பைக்கு ஏறி ஒட்டிக்கொள்ளும் திறமை கொண்டவை, பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் நான்கு சென்டிமீட்டர்தான் என்பதால் அவற்றுக்கு வழி சுலபம் என்று அவர் விளக்கினார். தண்ணீர் குடிப்பது, அடக்காமல் இருப்பது, உறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிடுவது எல்லாம் சொன்னார். கடைசியாகச் சொன்னதை எந்தப் பெண்ணும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்றும் சொன்னார். உண்மைதான், நானும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த ஈ.கோலை என் குடலுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பொங்கல் விடுமுறையில்தான் எழுந்தது. நுண்ணுயிரியல் படிக்கும் என் அக்கா மகள் வந்திருந்தாள். ஞாயிறு காலை அடுப்படி வாசலில் நின்று நான் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தவள், “சித்தி, அந்தக் கையோடு உப்பு ஜாடியைத் தொடுகிறீர்கள்” என்றாள். பிறகு என் வலது கை போன இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னாள். உப்பு ஜாடி. அஞ்சறைப் பெட்டியின் மூடி. குழாயின் திருகு. அழைத்தவருக்குப் பதில் சொன்ன கைப்பேசி. புடவைத் தலைப்பு. கடைசியாக, நாக்கு.

அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகளை அவள்தான் சொன்னாள். அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊரில் 2012இல் பெரிய கடைகளில் விற்ற கோழி, வான்கோழி, பன்றி இறைச்சியில் 2,452 மாதிரிகளை வாங்கிச் சோதித்தார்கள். அதே ஊர் நோயாளிகளின் சிறுநீரிலும் இரத்தத்திலும் இருந்த கிருமிகளோடு ஒப்பிட்டார்கள். லான்ஸ் பிரைஸ் என்பவரின் குழு 2018இல் வெளியிட்ட முடிவு இது: ஏறக்குறைய 80 சதவீத இறைச்சி மாதிரிகளில் ஈ.கோலை இருந்தது; அதில் பறவைகளின் உடலுக்கென்றே பழகிய ஒரு வகை, நோயாளிகளிடமும் இருந்தது. பிறகு தெற்குக் கலிபோர்னியாவில் 2017 முதல் 2021 வரை சிறுநீர்த் தொற்று வந்தவர்களிடம் இருந்த ஈ.கோலையைக் கடை இறைச்சியில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், நோயாளிகளிடம் இருந்தவற்றில் சுமார் 18 சதவீதம் இறைச்சி விலங்குகளிலிருந்து வந்த வகையாக இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மீதி எண்பத்துச் சொச்சம் வேறு வழிகளில் வந்தவை என்பதையும் சேர்த்தே அவள் சொன்னாள்.

அங்கே எல்லாம் குளிரூட்டிப் பொட்டலம் கட்டிய கறி, நாம் கண்ணெதிரே அறுத்துச் சூட்டோடு வாங்கி வருகிறோமே என்றேன். அவளிடம் பதில் தயாராக இருந்தது. கிருமி கோழியின் குடலில் இருப்பது. அறுக்கும்போதும் இறகு எடுக்கும்போதும் கறியில் படிந்துவிடுகிறது. கண்ணெதிரே அறுத்தால் மட்டும் குடல் இல்லாத கோழியா கிடைக்கும்? அடுத்த வாரம் கடையில் நின்று நானே கவனித்தேன். வெந்நீர் டிரம் ஒன்றுதான், இறகு பிடுங்கும் இயந்திரம் ஒன்றுதான், வெட்டுக் கட்டையும் ஒன்றுதான். முன்னால் போன கோழிகளின் மிச்சம் என் கோழியின் மேலும் ஏறித்தான் வந்தது. மருந்து கேட்காத கிருமிகள் பண்ணையிலேயே உருவாகின்றன என்பது வேறு வருத்தம். தீவிர சிகிச்சையில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக்கூடக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது.

நன்றாக வெந்தால் இந்தக் கிருமி செத்துவிடும். கறியின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். தம் போட்ட பிரியாணி அதைத் தாண்டிவிடும். அதுவரை கேட்டதும் எனக்கு நிம்மதி. அடுத்த நொடியே வெங்காயப் பச்சடி ஞாபகம் வந்தது. கோழியை வெட்டிச் சரிசெய்த பலகையை ஒரு அலசு அலசிவிட்டு, அதிலேயேதான் பச்சடிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். வேகாத வெங்காயம், முப்பது வீட்டுக்குப் போகும் வெங்காயம். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கிருமி வயிற்றுப்போக்குபோல மறுநாளே தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. குடலில் மற்ற கிருமிகளோடு கிருமியாக மாதக்கணக்கில்கூடச் சத்தமில்லாமல் தங்கியிருந்து, பிறகு ஒரு நாள் ஏறும். ஐப்பசியில் வரும் கடுப்பை ஆவணி மாதத்துக் கோழியோடு யார் முடிச்சுப் போடுவார்கள்? என் மூன்று கடுப்புக்கும் ஒரே கிருமியா காரணம் என்றுகூட இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. முதல் இரண்டு முறை கல்ச்சர் செய்யாமல் விட்டதன் இழப்பு அது.

அடுத்து கழுவும் விஷயம். குழாயடியில் கோழியைக் கழுவவே கூடாது, தண்ணீர் தெறித்துக் கிருமி பரவும் என்றாள். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு மூன்று தண்ணீர் கழுவாத கறியை அவர் வாயில் வைக்க மாட்டார். வாக்குவாதம் செய்யாமல் அக்கா மகள் ஒரு பெரிய உருளைக்கிழங்கின் மேல் சொட்டு நீலத்தைத் தடவினாள். தொட்டியைச் சுற்றி வெள்ளைத் தாள்களைப் பரப்பி, நான் வழக்கமாகத் திறக்கும் வேகத்தில் குழாயைத் திறந்து, கோழியைக் கழுவுவதுபோலத் திருப்பித் திருப்பிக் கழுவினாள். தொட்டிக்குப் பக்கத்துத் தாளில் நீலப் புள்ளிகள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கவிழ்த்து வைத்த டம்ளர்களின் மேலும் இருந்தன. இரண்டடி தள்ளிக் கூடையில் வைத்திருந்த கொத்தமல்லிக்குக் கீழே விரித்த தாளிலும் இருந்தன. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

கடையில் வெட்டி வரும் கறியில் எலும்புத் தூளும் இறகு முளையும் ஒட்டியிருக்கும்; கழுவாமல் போட என்னாலும் முடியாது. அதனால் மூவரும் பேசி ஒரு வழிக்கு வந்தோம். முதலில் பாத்திரங்களையும் கீரை, காய்களையும் தொட்டியருகிலிருந்து அகற்றிவிடுவது. அகலமான பாத்திரத்தில் தண்ணீரை முன்பே நிரப்பி, குழாயை மூடிவிட்டு, கறியை மெல்ல உள்ளே இறக்குவது. கையால் சுழற்றி எடுத்து, அந்தத் தண்ணீரைத் தொட்டியின் வாய்க்கு மிக அருகில் சாய்த்து மெதுவாக ஊற்றுவது. அத்தையின் மஞ்சள் உண்டு. ஆனால் மஞ்சள் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி இருப்பதில்லை. முடிந்ததும் தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றுகிறோம். சுத்தம் செய்தே பொட்டலத்தில் வரும் கறி என்றால் கழுவுவதே இல்லை.

உப்புதான் மிகவும் சிரமப்படுத்தியது. நாக்கில் வைக்காமல் எட்டு கிலோவுக்கு எப்படி உப்புப் போடுவது? தராசு வாங்கினேன். நான்கு வாரம் கூடக்குறைய ஆகி, ஒரு வாரம் வாடிக்கையாளர் ஒருவர் நேராகவே சொல்லிவிட்டு, கடைசியில் என் மசாலாவுக்குக் கிலோவுக்குப் பதினாறு கிராம் என்று கை படிந்தது. இப்போது கறியைத் தொடுவதற்கு முன்பே உப்பு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் கிண்ணங்களில் அளந்து வரிசையாக இருக்கும். ஜாடிகள் மூடி அலமாரிக்குள். பச்சடியும் புதினாவும் காலையிலேயே வேறு பலகையில் அரிந்து மூடி வைத்த பிறகுதான் கறிப் பையைப் பிரிப்பேன்.

பெண்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு கை கழுவ வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பச்சைக் கறியைத் தொட்டிருந்தால் போவதற்கு முன்பும் கழுவ வேண்டும். அவசரத்தில் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன், எத்தனையோ முறை. கறி தொட்ட கை வேறு எங்கே தொடப்போகிறது என்று யோசித்தால் மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. குளியலறைக்கு வெளியே ஒரு சோப்பு வைத்திருக்கிறேன். இருபது வினாடி, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம்.

இப்படி மாறிப் பதினாறு மாதம் ஆகிறது. நடுவில் ஒரே ஒரு முறை, போன மாசியில், கடுப்பு வந்தது. இதே காலத்தில் தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கிறேன், அடுப்படி வேலைக்கு நடுவே எழுந்து போய் வருகிறேன். எது எவ்வளவு உதவியது என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாசியில் அத்தை சுண்ணாம்பு எடுத்தார், நானும் காலை நீட்டினேன். ஆனால் அதற்கு முன்பே டப்பாவில் மாதிரி எடுத்துக் கணவர் ஆய்வகத்துக்குக் கிளம்பியிருந்தார். அறிக்கையில் இந்த முறையும் ஈ.கோலைதான், ஆனால் எழுத்துகள் பெரும்பாலும் எஸ். முன்பு வந்த கிருமியாக இருக்காது என்றார் மருத்துவர்.

அந்த ஞாயிறு நான் படுத்திருந்தேன். பாதி ஆர்டரை மட்டும் அத்தை எடுத்துச் செய்தார். தராசில் நான்கு கிலோவுக்கு அறுபத்து நான்கு கிராம் உப்பை அளக்கும் சத்தம் அறைக்குள் கேட்டது. அளந்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கிண்ணத்தோடு வந்து என்னிடம் ஒரு முறை காட்டிவிட்டுப் போனார்.