வார் ஃபினிஷ்

“அப்ப எங்க தாத்தா துப்பாக்கி எங்கே?” என்று அந்தப் பையன் கேட்டது என்னிடம்தான். பார்த்தது சித்தப்பாவை.

உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம். லைசன்ஸ்காரர் இறந்துவிட்டதால் அவருடைய ரிவால்வரைச் சட்டப்படி நான் வேலை பார்க்கும் துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்க அவர் தம்பியும், மகனான அந்தப் பையனும் வந்திருந்தார்கள். குழலை மணல் மூட்டைப் பக்கம் திருப்பி, பெருவிரலால் தாழ்ப்பாளை அழுத்தினேன். நடுவில் மடங்கித் திறக்க வேண்டியது, மடங்கவில்லை. யாரோ வருஷக்கணக்கில் ஏதோ எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். காய்ந்து பிசினாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மெல்ல அசைத்துத் திறந்தேன். ஆறு அறையும் காலி. நம்பர் லைசன்ஸ் புத்தகத்தோடு ஒத்துப்போனது. அத்தோடு ரசீது போட்டு அனுப்பியிருப்பேன்.

சித்தப்பாவான அந்தப் பெரியவர்தான், “தம்பி, 1936ல வெள்ளைக்கார கலெக்டர் எங்க அப்பா கையில குடுத்தது இது. எந்த வருஷத்துச் சரக்குன்னு பார்த்துச் சொல்லுங்களேன்” என்றார். கேட்டது அவர். நானாக ஆரம்பிக்கவில்லை.

இங்கிலாந்தின் வெப்லி கம்பெனி செய்த மார்க் 4 ரிவால்வர், 0.38 ரகம். உருவத்தை மட்டும் வைத்துச் சொன்னால் 1936 பொருந்தும். குழலில் கிரீடத்துக்குக் கீழே என்.பி. என்று பர்மிங்காம் சோதனைச்சாலை முத்திரை. அது 1904இலிருந்து 1954 வரை புழக்கத்தில் இருந்தது. ஐம்பது வருஷ இடைவெளி, யாருக்கும் தொந்தரவு இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் பெரியவர் சந்தோஷமாகப் பஸ் ஏறியிருப்பார். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கத் துடைக்க, பக்கவாட்டில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் எழுந்து வந்தன: வார் ஃபினிஷ். இரண்டாம் உலகப்போரின்போது பளபளப்பாக மெருகேற்ற வெப்லிக்கு நேரம் இல்லை. கடைசல் கோடுகள் தெரியத்தான் வெளியே அனுப்பினார்கள். இதுதான் எங்கள் தரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று அந்தச் சொற்களையும் அடித்துவிட்டார்கள். (தொழில்காரனின் ரோஷம். எனக்கு அது பிடிக்கும்.) ஆக, போர் தொடங்கிய 1939க்கு முன்னால் இந்த ரிவால்வருக்குப் பிறப்பே கிடையாது.

சொன்னேன். பையன் அந்தக் கேள்வியைக் கேட்டான். பெரியவர், “கலெக்டர் குடுத்ததை நான் கண்ணால பார்க்கலப்பா, சொல்லக் கேட்டதுதான்” என்றார். பையன் விடவில்லை. “எண்ணெய் போடன்னு மதுரைக்கு எடுத்துட்டுப் போனது நீங்கதானே?”

நான் இடையில் புகுந்து, நம்பர் சரியாக இருக்கிறதே தம்பி என்றேன். அந்தப் புத்தகம் அவன் அப்பா பெயரில் எழுதியது, தாத்தா காலத்துப் புத்தகம் இல்லை என்று உடனே திருப்பினான். அதுவும் நியாயம்தான். தாத்தாவே பழையதைக் கொடுத்துவிட்டுப் போர் முடிந்தபின் வேறு வாங்கியிருக்கலாம் என்றேன். கலெக்டர் கொடுத்தது என்ற கதை மட்டும் அடுத்ததன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கலாம். வருஷத்தைத் தப்பாகச் சொல்லிச் சொல்லியே பழகியிருக்கலாம். இத்தனையும் சொன்னேன். ஆனால் முதலில் சொன்னதுதான் அவன் காதில் நின்றது. இரும்பைப் பார்த்துச் சொன்னபோது என் குரலில் இருந்த உறுதி இந்த ‘லாம்’களில் இல்லை, எப்படி இருக்கும்?

பையனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுப் பெரியவரிடம் தனியாகச் சொல்லியிருந்தால்? அப்படியும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் அதை வீட்டில் மறைத்திருப்பார், பின்னால் வேறொரு கடைக்காரன் துடைத்துப் பார்த்துச் சொல்லியிருப்பான், அப்போது சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கும். இப்படி யோசித்தால் நான் செய்தது சரி. சாயங்காலம் கடை பூட்டும்போது யோசித்தால் அவ்வளவு சரியாகத் தெரிவதில்லை. துப்பாக்கியின் வயதைக் கேட்டால் துப்பாக்கியின் வயதைத்தான் சொல்ல முடியும் என்று எங்கள் முதலாளி சொல்கிறார். அவர் அன்றைக்குக் கடையில் இல்லை.

அப்புறம் பையன் போன் செய்தான். “அண்ணே, நீங்க சொன்னதை லெட்டர்பேடுல எழுதித் தர முடியுமா?” முடியாது என்றேன். எழுதினால் போர்க்காலத் தயாரிப்பு என்று மட்டும்தான் எழுதுவேன், துப்பாக்கியை மாற்றினார்கள் என்று எழுத மாட்டேன், ஆனால் படிக்கிறவர்கள் அதைத்தான் படிப்பார்கள். அதனால் மறுத்தேன். இப்போது ஊர்ப் பேச்சுவார்த்தையில் அதுவே சாட்சியாகிவிட்டதாம். “கடைக்காரரே எழுதிக் குடுக்கப் பயப்படுறாரு பாருங்க” என்கிறானாம்.