கோட்டைக்கு முன் நல்லூர்

ஜூலை 12, சனி

கொழும்பிலிருந்து அக்காவின் மகள் யாழ்ப்பாணம் வந்திருக்கிறாள். பார்க்க வேண்டிய இடங்களைப் போனில் பட்டியல் போட்டே கொண்டுவந்தாள்: கோட்டை, நூலகம், கசூரினா கடற்கரை. நல்லூர் என்றால் கோயிலும் ஐஸ்கிறீமும் மட்டும். எனக்கு இந்த வரிசையே பிடிக்காது. கோட்டை, ஊரைப் பிடித்தவன் கட்டியது. யாழ்ப்பாணத்து அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் இருந்து ஆண்டது நல்லூரில். அதை முதலில் பார் என்றேன்.

"சரி மாமா, வெயில் ஏற முன்னம் போயிட்டு வருவம்."

ஜூலை 13, ஞாயிறு

விடியவே சைக்கிளில் புறப்பட்டோம். முத்திரைச் சந்தியில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் சிலையைப் படம் எடுத்தாள். பக்கத்தில் இருக்கும் சென் ஜேம்ஸ் தேவாலயக் காணியில்தான் பழைய கந்தசுவாமி கோயில் நின்றது என்பார்கள். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா அதை இடித்துத் தள்ளினான். இப்போது நாம் கும்பிடும் கோயில் 1734இல், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில், இரகுநாத மாப்பாண முதலியார் எழுப்பியது. கோயிலில் சொல்லும் புகழுரையான கட்டியத்தில், கோயிலை எழுப்பியவராக இன்றும் புவனேகபாகு பெயர் வரும். அது யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்ட செண்பகப்பெருமாள் என்பது ஒரு கட்சி, அவருக்கு முந்திய அமைச்சர் என்பது இன்னொரு கட்சி. திண்ணையில் தொடங்கினால் மத்தியானச் சோறு ஆறிவிடும்.

யமுனா ஏரி என்ற பெயரை நம்பிப் போனால் ஏமாறலாம். அது 'ப' வடிவில் வெட்டிய கேணி. யமுனை நீரைக் காவடியில் கொண்டுவந்து விட்டதாகக் கதை. நாங்கள் போனபோது பச்சைப் பாசி, நடுவில் ஒரு சோடாப் போத்தல். ஆனால் மூலையில் நின்று பார்த்தால், கல் கட்டு எவ்வளவு நேராக இறங்குகிறது என்று தெரியும்.

அப்புறம் பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோப்பு வளைவும், அமைச்சர் வீடு என்று சொல்லப்படும் மந்திரிமனையும்.

"அரண்மனை எங்க மாமா?"

"இவ்வளவுதான் பிள்ளை."

முகம் சுருங்கிவிட்டது. மந்திரிமனைகூட இப்போதுள்ள கட்டடமாக அரசர் காலத்தது அல்ல, ஒல்லாந்தர் காலத்துக்குப் பிந்தியது என்கிறார்கள். ஆனாலும் அந்த மரவேலையைத் தலை நிமிர்த்திப் பார்க்காமல் வரக்கூடாது. கீழே சுவரைப் பார்த்தால் கோபம்தான் வரும்: சுண்ணாம்பைச் சுரண்டி எழுதிய காதலர் பெயர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியதில் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. அவர்களுக்கு அது வேண்டியதுதான்.

ஜூலை 15, செவ்வாய்

தலைநகரின் அளவு தெரிய வேண்டுமானால் நான்கு காவல் கோயில்களையும் சுற்ற வேண்டும். வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி. ஒழுங்கைகளுக்குள்ளால் சைக்கிளில் ஓடினால் அவசரமில்லாமல் ஒரு காலை போதும். வழியில் ஒரு படலையடியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் விற்றார்கள்; சுற்று அங்கே கொஞ்சம் நீண்டது. வீரமாகாளி வாசலில், "அப்ப ராசான்ர ஊருக்குள்ளதான் நாங்க இவ்வளவு நேரமும் ஓடினனாங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகு பட்டியலை அவள் எடுக்கவில்லை.

ஜூலை 16, புதன்

இன்று கோட்டை. 1619இல் நல்லூர் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. கடைசி அரசன் இரண்டாம் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஆட்சி, கோட்டை நிற்கும் பண்ணைக் கடலோரத்துக்கு மாறியது. போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணம். 1658இல் பிடித்த ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாக்கினார்கள். கொத்தளத்தில் பவளக் கல்லைத் தடவிப் பார்த்தாள். பழைய கோயிலின் கற்களும் இதற்குள் இருக்கின்றன என்ற ஊர்க்கதையைச் சொன்னேன். மாலையில் ஏறுவதுதான் நல்லது, பகலில் மேலே ஒதுங்க நிழல் இல்லை.

திரும்பும்போது நூலகம். 1981இல் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்கள். இதற்கு என் விளக்கம் தேவைப்படவில்லை, அவள் அம்மா எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

கசூரினாவை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பழைய பௌத்தச் சின்னங்கள் உள்ள கந்தரோடைக்குப் போவோம் என்கிறாள். ஓட்டோவுக்குச் சொல்லியாயிற்று.