போன பெட்டி திரும்பி வர வேண்டும்: திருநாளுக்கு ஓலைப்பெட்டி முடைந்த அனுபவம்

இந்த வருசம் கிறிஸ்துமஸ் பலகாரமும், கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு அனுப்புகிற தைப்பொங்கல் படியும் எங்கள் வீட்டிலிருந்து பனை ஓலைப்பெட்டியில்தான் போக வேண்டும், அதையும் நானே முடைய வேண்டும் என்று ஆவணியிலேயே முடிவு செய்துவிட்டேன். அத்தனை முன்னால் தொடங்கக் காரணம் மழை. ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கரையில் வெட்டிய குருத்து காயாது, பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போகும். மார்கழிக்குப் பெட்டி வேண்டுமென்றால் அதற்கு முன்பே ஓலையைக் காயவைத்துச் சுருட்டி, பரண் மேல் ஏற்றிவிட வேண்டும்.

எதற்கு இவ்வளவு பாடு என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் ஊர் சாயல்குடிக்கும் மூக்கையூருக்கும் நடுவில் இருக்கிறது. கடலோரம் எங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், உள்ளே தள்ளிப் பனங்காட்டுக்காரர்கள், கிழக்கே போனால் ஏர்வாடி, கீழக்கரை. என் சின்ன வயதில் திருநாள் வந்தால் வீட்டுக்கு வீடு பெட்டி நடமாடும். கிறிஸ்துமஸ் காலையில் முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து வைத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் எங்கள் வீட்டிலிருந்து போகும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த வீடுகளிலிருந்து வரும். அப்பாவோடு கருவாட்டு வியாபாரம் பார்த்தவர் கீழக்கரையில் இருந்தார். அவர் வீட்டிலிருந்து பெருநாளுக்குத் தொதல் வரும். தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் ஊற்றி, எண்ணெய் பிரிகிறவரை கை ஓயாமல் கிண்டுகிற பலகாரம் அது.

வந்த பெட்டியை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது எல்லா வீட்டுக்கும் பொதுவான சட்டம். ஒன்றுமில்லாத நாளிலும் ஒரு கை சீனியாவது, நாலு சில்லுக் கருப்பட்டியாவது, கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரையாவது போட்டால்தான் பெட்டி வாசல் தாண்டும். இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் இருந்தால்கூட, "அவுக பெட்டி நம்ம வீட்ல கெடக்கு" என்று யாராவது ஒருத்தர் படியேறித்தான் ஆக வேண்டும். பேச்சு அங்கே மறுபடி தொடங்கிவிடும்.

இப்போது பலகாரம் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் தடை. பை குறைந்திருக்கிறது, டப்பா குறையவில்லை. "டப்பாவ நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிக் கொடுக்கிறோம். அதோடு அந்தப் போக்குவரத்து முடிந்துவிடுகிறது. பலகாரத்தின் ருசியில் எனக்குக் குறையே இல்லை. கொடுத்தது திரும்பி வர ஒரு வழி இருந்ததே, அது அடைபட்டுப் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

கற்றுக்கொடுத்தது சாயல்குடி அத்தை. "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கப்பு இந்தச் சோலி?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் கேட்டார். அத்தை அதைக் காதில் வாங்கவே இல்லை. "யாருக்குக் குடுக்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அப்ப மூடி போட்டதாத்தான் வேணும்" என்று அப்போதே பனையேறியிடம் குருத்துக்குச் சொல்லிவிட்டார்.

குருத்து எடுப்பதை முதலில் சொல்ல வேண்டும். பெட்டிக்கு வடலி, அதாவது இளம்பனை ஓலைதான் வாகு. நீளமும் இருக்கும், வளைந்தும் கொடுக்கும். அதிலும் விரியாத குருத்து. பதநீர் இறக்குகிற மரத்துக் குருத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள். வடலியிலும் ஒரு மரத்துக்கு ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அத்தையின் கண்டிப்பு. பனை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு ஓலைதான் விடும், அதையும் நாம் வாங்கிக்கொண்டால் மரம் எதை வைத்து வளரும் என்று கேட்டார். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அதற்கு முன்பே எங்கள் பக்கத்துப் பனை எத்தனையோ செங்கல் சூளைக்குப் போய்விட்டது. மிச்சமிருப்பதில் எடுக்கும்போது இந்தக் கண்டிப்பு நியாயம்தான்.

வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் போட்டால் வெளிர்பச்சை மாறிச் சந்தன நிறம் வரும். அப்புறம் ஈர்க்கு கழிப்பது. ஓலையின் நடுவே ஓடும் ஈர்க்கைக் கத்தி நுனியால் கீறி இழுத்தால் இரண்டு பாதியாகக் கிடைக்கும். ஈர்க்கைத் தூக்கி எறியக் கூடாது, விளக்குமாறுக்கு ஆகும். பிறகு ஒரே அகலத்துக்கு வகிர வேண்டும். அத்தைக்குக் கண்ணே அளவுகோல். நான் மரக்கட்டையில் பிளேடு துண்டுகளை அரை அங்குல இடைவெளியில் செருகிக்கொண்டு, ஓலையை அதன் மேல் இழுத்தேன். அகலம் பிசகாமல் வந்தது. அத்தை கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஊர்ப்பிள்ளைகளுக்கும் ஆகும்" என்றார்.

அளவு சொல்லிவிடுகிறேன், செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும். அரை அங்குல ஓலை, நெடுக்கே 16, குறுக்கே 16, ஒவ்வொன்றும் ஒன்றரை முழ நீளம். தரையில் ஒன்றின் மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று பின்னினால் முதலில் சதுரம் வரும். பெட்டியின் மூலை அந்தச் சதுரத்தின் மூலையில் வராது. சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நட்டநடுவில், இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு என்று பிரித்து, நடு ஓலை இரண்டையும் குறுக்கே மாற்றிப் பின்னினால் மூலை அங்கே எழும்பும். நாலு மூலையும் எழும்பியதும் ஓலைகள் சாய்வாக மேலேறும். அடி ஏறக்குறைய ஐந்தரை அங்குலச் சதுரமாக நிற்கும். மூன்று அங்குல உயரம் வந்ததும் ஓலையை மடித்து, வந்த வழியே கீழ்நோக்கிச் செருகிக்கொண்டு போக வேண்டும். சுவர் இரட்டையாகிவிடும், நுனிகளும் உள்ளே மறைந்துவிடும். மூடிக்கும் அதே 16தான். ஆனால் மயிரிழை அகலம் கூடின ஓலை. எண்ணிக்கையைக் கூட்டினால் மூடி தொளதொளவென்று நிற்கும். அகலத்தைக் கொஞ்சம் கூட்டினால் பெட்டியின் மேல் பதமாக உட்காரும். இந்தச் சூட்சுமம் பிடிபட்ட நாள் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோசம்.

பின்னும்போது ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்தால் ஓலை சுருங்கும், பின்னல் இளகும். அதனால் முடைந்த பெட்டியை ஒருநாள் காயவிட்டு, மறுநாள் அடியிலிருந்து ஒவ்வொரு ஓலையாக இழுத்து இறுக்கி, அதற்குப் பிறகுதான் நுனியை நறுக்க வேண்டும். மார்கழிப் பனியில் விடிகாலை உட்கார்ந்தால் ஓலை சொன்னபடி கேட்கும். உச்சி வெயிலில் விறைத்துக்கொண்டு கையைக் கிழிக்கும். வேலைக்குப் போகிறவன் நான். விடியலுக்கு முந்தின அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குக் கிடைத்தது, ஓலைக்கும் அதுவே தோதாகிவிட்டது.

சாயம் போட்டும் பார்த்தேன். மஞ்சளில் வேகவைத்த ஓலை முதலில் பளிச்சென்று இருந்தது, வெயில் பட்டதும் வெளுத்துவிட்டது. பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்துப் படிகாரம் போட்டு முக்கியதில் நல்ல சிவப்பு வந்தது. ஒரு காலத்தில் நம் கரையோர மணலில் சாயவேர் தோண்டித் துணிக்குச் சிவப்பு ஏற்றியிருக்கிறார்கள், அந்த வேர் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் தின்பண்டம் படுகிற உள்பக்கத்துக்குச் சாயமே வேண்டாம் என்று விட்டுவிட்டு, மூடியில் மட்டும் இரண்டு சிவப்பு ஓலை ஓடவிட்டேன். அது எங்கள் வீட்டு அடையாளம். அப்பத்தா காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு குறி இருந்தது என்று அத்தை சொன்னார். யார் வீட்டுப் பெட்டி எங்கே தங்கியிருக்கிறது என்று பரணை அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடுமாம்.

பெட்டிக்குள் என்ன வைத்தேன்? எண்ணெய்ப் பலகாரத்துக்கு அடியில் வாட்டிய வாழையிலை விரித்தேன். இல்லாவிட்டால் ஓலை எண்ணெயைக் குடித்துவிடும், அந்தப் பெட்டியை மறுமுறை எடுக்க முடியாது. கருப்பட்டிக்கு இலை வேண்டாம். ஓலைக்குள் காற்று போய்வருவதால் கசியாமல் இருக்கும், அதனால்தான் சந்தைக்கே ஓலையில் கட்டி வருகிறது. மழைநாளில் பிளாஸ்டிக்குக்குள் அடைத்த கருப்பட்டி இளகிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தகப்பனாக நின்ற என் ஞானப்பிள்ளைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. வழக்கமான துணியோடு ஓலைக் கிலுகிலுப்பையும் செய்தேன். உள்ளே புளியங்கொட்டை. குன்றிமணியைப் போடலாமே, அழகாக இருக்குமே என்று ஒருத்தர் சொன்னார். தயவுசெய்து யாரும் போடாதீர்கள். குன்றிமணி கடும் விசம், ஓலை பிரிந்து பிள்ளை வாயில் போட்டுக் கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பரிசு என்று பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் வந்து போகிற சொந்தக்காரர்கள், ஞாபகமாகக் கொடுக்கக் கடல் சாமான் ஏதாவது வாங்கித் தா என்று கேட்பார்கள். பவளத்துண்டு, கடல்குதிரை, சில வகைச் சங்கு, சிப்பி இதெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்காவாக வைத்திருப்பதே அந்தப் பவளத்தையும் அதை நம்பியிருக்கும் மீனையும் காப்பாற்றத்தான். கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதை உடைத்து ஊருக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. ஓலையும் கருப்பட்டியும் நெத்திலிக் கருவாடும் போதாதா நம் ஊரைச் சொல்ல?

கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பெட்டிகள் போயின. எங்கள் தெருக்கோடி அண்ணாச்சி வீட்டிலிருந்து சாயங்காலமே திரும்பி வந்தது, உள்ளே முண்டு மிளகாய் வத்தல். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அண்ணாச்சிக்கு அதைக் கொடுப்பதில் தனிப் பெருமை. இன்னொரு வீட்டில் பிள்ளைகள் பெட்டியைப் பென்சில் போட எடுத்துக்கொண்டார்கள். பிடுங்க மனம் வரவில்லை. ஆனால் இது திரும்பி வர வேண்டிய பெட்டி என்று உட்கார வைத்துச் சொன்னேன். சின்னவள் கவனமாகக் கேட்டாள். "அப்ப நான் என்ன போட்டுத் தரணும் மாமா?" என்றாள். அவள் கேட்டதில் எனக்கு அத்தனை நிறைவு.

கீழக்கரைக்கு நானே கொண்டுபோனேன். அப்பாவின் கூட்டாளி இப்போது இல்லை, அவர் மகள்தான் இருந்தார், நான் ராத்தா (அக்கா) என்று கூப்பிடுகிறவர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்கிறோமே, அந்தச் சீதக்காதியின் ஊர் அது. கொடுத்து வாங்குவதில் அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்தா பலகாரத்தை எடுத்துக்கொண்டு, பெட்டியை மூடியோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "இப்பத் தரமாட்டேன் தம்பி. பெருநாளைக்குத் தொதலோட வரும்" என்றார். அப்பா போனபிறகு நின்றுபோன வரத்து அது.

இனிப் பொங்கல் படி. தங்கச்சியைப் பாம்பனில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பொங்கல் முடிந்து வருசங்கள் ஆனாலும் உடன்பிறந்தவன் இருக்கிறவரை படி போகத்தான் வேண்டும். இரண்டு வருசமாக அலைபேசியில் பணம் மட்டும் அனுப்பி வந்தேன், அவளும் ஒன்றும் சொன்னதில்லை. இந்தத் தடவை பச்சரிசி, கருப்பட்டி, மஞ்சள்கொத்து, பனங்கிழங்குக் கட்டு, கரும்பு என்று நேரில் போகிறது. இதைத் தாங்க ஓலை மட்டும் பற்றாது, பனைமட்டை நாரால் பொத்திய, அதாவது தைத்துக் கட்டிய நார்ப்பெட்டி வேண்டும். நார் கிழிக்க மட்டையை நீரில் ஊறப்போட்டிருக்கிறேன். அடியும் சுவரும் நான் முடைவேன், விளிம்பை நாரால் பொத்துவது அத்தையின் பொறுப்பு. அந்தப் பொத்தலுக்கு விரலில் வலு வேண்டும், எனக்கு இன்னும் வரவில்லை.

பெட்டியைப் பாம்பனில் விட்டுவிட்டுத்தான் வருவேன். தங்கச்சி அதைத் திருப்பிக் கொண்டுவர எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் அல்லவா? அடுத்த ஆவணிக்குக் குருத்து வேண்டுமென்று பனையேறியிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். மாசி வாக்கில் பதநீர் இறக்க ஏறிவிட்டால் அவரைப் பிடிப்பது கஷ்டம். அதற்குள் சுளகு (முறம்) முடையப் பழகிக்கொள் என்கிறார் அத்தை.