‘ஃபைல்ல கை வைக்காதீங்க அண்ணே’

ராத்திரி பத்தேகாலுக்கு வந்த போன் அது. “தம்பி, பின்பக்க எழுத்து நாலு கலர்லயும் விழுந்திருக்கு. ஒரே கறுப்புல போட்டுரவா?” என்று அச்சகத்தில் மெஷின் ஓட்டும் மெஷின்மேன் அண்ணன் கேட்டார். நான் சொன்ன பதில்: “ஃபைல்ல கை வைக்காதீங்க அண்ணே. இருக்கிறபடியே ஓட்டுங்க. நான் பொறுப்பு.” சரி தம்பி என்று வைத்துவிட்டார். மொத்தப் பேச்சும் ஒரு நிமிஷம்கூட இருக்காது. நாலு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அந்த ஒரு நிமிஷத்தைவிட்டு நகர முடியவில்லை.

நானும் என் கூட்டாளியும் வடிவமைத்து அச்சுக்குக் கொடுத்திருந்த பருப்புப் பொடி அட்டைப்பெட்டி, 5,000 எண்ணிக்கை. பின்பக்கம் வெள்ளைத் தளம். அதில்தான் சேர்க்கப்பட்ட பொருள்கள், எடை, அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் எல்லாம் வர வேண்டும். இடம் போதாததால் எழுத்தை 6 பாயிண்ட்டுக்கு இறக்கியிருந்தேன். எழுத்தைப் படமாக்காமல் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும் கோரல்டிராவில்தான் எழுத்து வேலையை எப்போதும் செய்ய வேண்டும் என்பது என் கூட்டாளி பிடிவாதமாகச் சொல்லும் விஷயம். அன்றைக்கு அவன் ஊரில் இல்லை. அவசரத்தில் பின்பக்கத்தை முழுக்க ஃபோட்டோஷாப்பிலேயே முடித்து, திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்தை அச்சு மைக்கான சிஎம்ஒய்கேவாக மாற்றி, படமாகத் தட்டையாக்கி அனுப்பிவிட்டேன்.

ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் அப்படி மாற்றும்போது கறுப்பு வெறும் கறுப்பாக இருக்காது. சயான் நீலம் 75, மெஜந்தா சிவப்பு 68, மஞ்சள் 67, கறுப்பு 90 விழுக்காடு என்று நாலு மையிலும் பிரிந்துவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது. பெரிய படத்துக்கு அதனால் கெடுதலும் இல்லை. ஆனால் 6 பாயிண்ட் எழுத்து என்றால் மைக்கு ஒன்றாக உள்ள நாலு அச்சு ப்ளேட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். காகிதம் ஈரத்தில் கொஞ்சம் நீண்டால் போதும், ரிஜிஸ்டர் என்கிற அந்தப் பொருத்தம் விலகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி அடைத்துக்கொள்ளும், ணகரத்தின் சுழி மூடிக்கொள்ளும். எழுத்துக்கு ஒரு பக்கம் சிவப்பு நிழலும் மறுபக்கம் நீல நிழலும் விழும்.

அப்படியேதான் விழுந்தது. வேலை கொடுத்திருந்த பொடி அக்கா பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “என் கண்ணுதான் மங்கிப்போச்சோன்னு நினைச்சேன் தம்பி” என்றார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஃபைலில் கை வைக்கக்கூடாது என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதற்கு மூன்று வருஷம் முன்னால் வேறொரு அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுத்திருந்தோம். அங்கே இருந்த பையன் எங்கள் யூனிகோட் எழுத்தைத் தன்னிடம் இருந்த பழைய எழுத்துருவுக்கு மாற்றினான். மாற்றியதில் ஒரு கொம்பு விழுந்துவிட்டது. மணப்பெண் கோமதி, காமதி ஆகிவிட்டாள். 400 பத்திரிகை. பெண்ணின் அப்பா எங்கள் மேசை முன்னால் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நானும் கூட்டாளியும் எடுத்த முடிவு, அனுப்பிய ஃபைலை யாரும் தொடக்கூடாது என்பது. தமிழ் எழுத்தில் வேலை செய்கிறவர்கள் இதைத் தப்பென்று சொல்லமாட்டார்கள்.

அதனால் அண்ணன் கேட்டபோது என் மனதில் ஓடியது இதுதான்: பின்பக்கம் படமாகப் போயிருக்கிறது, கறுப்பில் போட வேண்டுமென்றால் அவர் முழுவதையும் மறுபடி டைப் பண்ணியாக வேண்டும், நடுராத்திரியில் உரிம எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆவது? இந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தானா என்று கேட்டால் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. என் வேலையில் ஒருவர் குறை கண்டுபிடித்தார் என்ற எரிச்சலும் அந்தக் குரலில் இருந்தது. அவருக்கும் அது கேட்டிருக்கும்.

கூட்டாளி ஊரிலிருந்து வந்ததும் என்னைத் திட்டவில்லை. “அவர் என்ன கேட்டார்னு அப்படியே சொல்லு” என்றான். சொன்னேன். “போட்டுரவான்னு கேட்டாரா, போடவான்னு கேட்டாரா?” என்றான். அன்றைக்கு உறுதியாகத்தான் சொன்னேன், இன்றைக்கு அவ்வளவு உறுதி இல்லை. போடவா என்றால் என்னிடம் கேட்கிறார். போட்டுரவா என்றால் அவர் மனதில் வழி தயாராகிவிட்டது, என் தலையசைப்பு ஒன்றுதான் பாக்கி. “எப்படி மாத்துவீங்க அண்ணேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?” என்று அடுத்துக் கேட்டான். கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். டைப் பண்ணுகிற பேச்சே அதில் இல்லை. வெள்ளைத் தளம்தானே, சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்று ப்ளேட்டிலும் அந்த எழுத்துப் பகுதியை மட்டும் அழித்துவிட்டால் கறுப்பு ப்ளேட்டில் இருக்கும் எழுத்து அப்படியே நிற்கும். 90 விழுக்காடு கறுப்பு, படிக்க எந்தக் குறையும் இல்லை. ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்க வழியே இல்லாத ஒரு திருத்தத்தைத்தான் அவர் வைத்திருந்தார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அது காலண்டர் வேலை உச்சத்தில் இருந்த நேரம். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து சிவகாசியில் மெஷின்கள் ராப்பகலாக ஓடும். எங்கள் 5,000 பெட்டியை இடையில் செருகியிருந்தார்கள். ப்ளேட்டை மாட்டி ஓட்டிவிட்டு அடுத்த ஜாபுக்குப் போயிருந்தால் அவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த நெருக்கடியிலும் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார், நம்பர் தேடிக் கூப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் அச்சகத்துக்குப் போனபோது நடந்ததைத்தான் நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. முதலாளி ஒரு ஷீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “இவ்வளவு நாள் மெஷின்ல நிக்கிறீங்க, பார்த்துச் சொல்ல வேண்டாமா?” என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். ராத்திரி போன் பண்ணினேன் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மெஷினுக்குப் போய்விட்டார். வாயைத் திறப்பதற்குள் என்று எழுதுகிறேன். திறக்க எனக்கு நேரம் இருந்தது.

அன்று சாயங்காலம் முதலாளிக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் ராத்திரியே கேட்டார், தப்பு என்மேல்தான் என்றேன். “அட விடுங்க சார், கஸ்டமர் ஒண்ணு சொல்லிட்டா அவரும் என்ன செய்வாரு” என்று பெருந்தன்மையாகத்தான் பேசினார். மறு அச்சுக்கு அட்டையும் ப்ளேட்டும் எங்கள் செலவு, ஓட்டுகூலி அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கணக்கு அத்தோடு தீர்ந்தது. ஆனால் அண்ணனை எல்லார் முன்னாலும் கேட்டார்கள், நான் போனில் தனியாகச் சொன்னேன். இரண்டும் ஒன்றாகாது.

எங்களிடம் இருப்பது இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மேசை. மெஷின், மை, அட்டை, பெட்டியை வெட்டும் டை பஞ்சிங், ஒட்டும் பேஸ்டிங் எல்லாம் அடுத்தவர் கையில். இப்படிப்பட்ட தொழிலில் ‘நான் பொறுப்பு’ என்று சொல்வது நேர்மையான வார்த்தை என்றுதான் நினைத்திருந்தேன். பிழை வந்தால் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அவருக்கு அது பேச்சை நிறுத்து என்று கேட்டிருக்கிறது. அதேசமயம் கடைசி வார்த்தை யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆளாளுக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி ஒரு காமதி வருவாள். இன்றைக்கும் ஃபைலைத் திருத்தட்டுமா என்று யாராவது கேட்டால் என் வாயில் முதலில் வருவது வேண்டாம் என்பதுதான். எப்படித் திருத்துவீர்கள் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது. முன்பு அதுவும் வராது.

வேலையை அதே அச்சகத்துக்குத்தான் கொடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ப்ளேட் போடுமுன் நானே அண்ணனைக் கூப்பிடுகிறேன். “ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க அண்ணே, அவசரமில்லை” என்கிறேன். அவர் குரலில் பழைய மரியாதை அப்படியே இருக்கிறது.

“நீங்க பார்த்துட்டீங்கல்ல தம்பி, ஓட்டிருறேன்” என்கிறார்.